மூக்கு பிழைத்ததா?

இதைப் படிக்கிறீர்கள் என்றால்
தலையைத் திறந்துவிட்டீர்கள்.
போன தடவை சுத்தியலால் அடித்தீர்களாம்.
இன்னாசி சொன்னான்.
கழுத்தடியில் ஒரு வட்டம் விட்டிருக்கிறேன், சூடான கத்தி போதும்.
உங்களுக்கு அது உறை.
எனக்கு நான்கு நாள் வேலை.

வைகைப் பாலத்துப் போலீஸ்காரர்
பெட்டியைத் திறந்ததும் உள்ளே துரையைப் பார்த்து
சல்யூட் அடித்தாராம்.
சிரித்துக்கொள்ளுங்கள். பிறகு இதைக் கேளுங்கள்.

கோயிலுக்கு நேர்ச்சைக் கையும் காலும் வார்த்தவள் நான்.
பிழைத்த காலுக்கு ஒரு மெழுகுக் கால்,
ஒன்றேகால் அணா.
இப்போது தல்லாகுளம் பங்களாவில்
துரையின் முகத்தைப் பிடிக்கிறேன்.
மெழுகை மடியில், முந்தானைக்கு அடியில் வைத்திருப்பேன்.
உடம்புச் சூட்டில்தான் அது சொன்னபடி வளையும்.
அவர் அசையக் கூடாது,
ஆனால் பேசலாம்.
காது வைக்காத தலைக்கு முன்னால்
எல்லாவற்றையும் பேசுகிறார்.
எனக்கும் காது வைக்கவில்லை என்று நினைப்பு.

உங்களுக்கும் அப்படித்தானா?

ஆறு கடிதம் எழுதினேன்.
செய்தி முன்பக்கம், என் கேள்வி பின்பக்கம்.
ஆறுக்கும் ஒரே பதில்:
'கிடைத்தது. நன்றி, சகோதரரே.'
சகோதரரா?
மில்லில் அதே தறிக்கு அவளுக்கு ஏன் முக்கால் கூலி,
கொடி ஏறிய மறுநாள் அது முழுசாகுமா
என்று கேட்டிருந்தேன்.
செல்லூரில் வீட்டுக்கு வீடு அரிசி தட்டுப்படுகிறது,
உங்கள் தீர்மானத்தில் அரிசி என்ற சொல்லே இல்லையே
என்றும் கேட்டேன்.
கமிட்டியில் எத்தனை பெண்கள்?
விரலை மடக்க வேண்டாம், எனக்குத் தெரியும்.

வெள்ளைக்காரன் முகத்தை அங்குலம் அங்குலமாகத் தடவியவள் சொல்கிறேன்:
அவன் தாடை பயந்திருக்கிறது.
போய்விடுவான்.
அந்த நாற்காலியில் அடுத்து உட்காருபவரின் முகத்தையும்
நான்தான் பிடிப்பேன்.
அப்போதும் மடியில் மெழுகு இருக்கும்.

பெயர் எழுதக் கூடாது என்பது உங்கள் விதி.
எழுதவில்லை.
இடது காதுக்குப் பின்னால் என் கட்டைவிரல் ரேகை,
அதைத் தேய்க்கவில்லை.

இந்த முறை பக்கத்தை மாற்றிவிட்டேன்.
பதறாதீர்கள், தாளைத் திருப்புங்கள்:

வியாழன் இரவு.
திருமங்கலத்திலிருந்து இரண்டு லாரி.
செல்லூர்க் கூட்டம் வேண்டாம்.
அச்சு எந்திரத்தைக் கிணற்றில் இறக்குங்கள்.

தலையை வெயிலில் வைக்காதீர்கள்.
மெழுகு திரும்ப வேண்டும்.