குதிகால்

குத்திய பிறகும் ஒரு நொடி
பிள்ளை அழவில்லை.
அந்த நொடி இன்னும்
என் நெஞ்சிலேயே கிடக்கிறது.

தடித்த தாளில் வட்டங்கள்.
வட்டத்துக்கு ஒரு சொட்டு.
காயட்டும் என்று மிஸ்ஸி
ஜன்னலோரம் வைத்தாள்.
கழுத்துக்குள் ஏதோ சுரப்பியாம்,
அது சோம்பினால் பிள்ளை மந்தமாகுமாம்,
நேரத்தோடு தெரிந்தால்
தினம் ஒரு குளிசை போதுமாம்.

விலாசம்?
பொகவந்தலாவையில் லயம். கடிதமெல்லாம்
தோட்டத்து ஒஃபிசோடு நின்றுவிடும்.
கிராண்ட்பாஸில் நாங்கள் இருக்கும் சந்துக்கும்
தோட்டம் என்றுதான் பெயர்,
ஒரு கொழுந்து கிடையாது.
வாசலில் தகரம் அடித்து
இன்றைக்குப் பதினோராம் நாள்.
உள்ளே அவர்,
புறக்கோட்டையில் மூட்டை தூக்கிய தோளைச்
சும்மா வைத்துக்கொண்டு.

அவர் நம்பரைத்தான் கொடுத்தேன்.

தாள் போனது.
ஊரடங்கில் அதற்குப் பாஸ் இருந்தது.

நானும் பிள்ளையும் இதே வார்டில் கிடக்க,
கோல் போயிருக்கிறது சந்துக்குள்.
பக்கத்துக் கட்டில் சிபாயாவின் போனில்
மூச்சிரைக்கப் பேசினார்:
சிங்களத்தில் சொன்னார்களாம், வேகமாக,
பிடிபட்டது ஒரே சொல்.
'ஆயெத்'.

மறுபடி.

எதை மறுபடி, ஏன் மறுபடி
என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்களாம்.
துளி போதாமல் இருக்கலாம் என்கிறாள் சிபாயா.
இருக்கலாம்.

மிஸ்ஸி காலையில்தான் வருவாள்.
பெயர் வைக்காத பிள்ளை தூங்குகிறாள்.
குத்தாத காலை
என் உள்ளங்கைக்குள் வைத்திருக்கிறேன்.
சூடாக இருந்தால்
ரத்தம் லேசாய் வருமாம்.