அரைப்புள்ளி

ரசீதுப் புத்தகத்தோடு வந்த பையனுக்கு
இருபத்தைந்து வயதிருக்கும்.
செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னான்:
"இந்த வருஷம் உங்களுக்குப் பாதிதான் ஐயா.
ஆச்சி தவறிட்டாங்கல்ல,
அரைப்புள்ளி."

எங்களில்
கல்யாணமான இருவர் கோயில் கணக்கில் ஒரு புள்ளி.
ஒருவர் போனால் மற்றவர் அரை.
புதுவயல், பள்ளத்தூர், தேவகோட்டை,
மைக் கிடைத்த இடமெல்லாம்
"மனுஷனை எண்ணக் கோயில் யார்?" என்று
கேட்டிருக்கிறேன்.
கைதட்டினார்கள்.
என் கல்யாணத்துக்கு வந்த கோயில் மாலையை
நான் ஏன் மறுக்கவில்லை என்று மட்டும்
ஒருவரும் கேட்கவில்லை.
அப்பச்சி பக்கத்தில் நின்றார்.
கழுத்தை நீட்டினேன்.
பிறகு தோழர்களிடம் சொன்னேன்:
அது வெறும் பூ.

"பழைய பாக்கி எவ்வளவு?"
நான் ஒரு காசு கொடுத்தவனில்லை.
பையன் ஏட்டைப் புரட்டினான்.
"பாக்கியே இல்லையே ஐயா.
வருஷா வருஷம் கட்டியிருக்கே
உங்க பேர்ல."

உமையாள்,
நீ இருந்திருந்தால் கத்தியிருப்பேன்.

நீ பழனிக்கு நடந்த தை மாதங்களில்
கட்சி வேலை என்று சொல்லிவிட்டு
நத்தம் வரை பஸ்ஸில் வந்து
கொப்புளத்துக்குக் களிம்பு கொடுத்து
காவடிக் கூட்டம் கிளம்புமுன் திரும்பியிருக்கிறேன்.
நீயும் யாரிடமும் சொன்னதில்லை.
உன் ஓட்டு யாருக்கென்று கேட்டால் மட்டும் சிரிப்பாய்:
"அது ரகசியம்னு நீங்கதானே
மேடையில பேசுறீங்க."

கட்சி நன்றாக இருக்கிறது.
இந்த முறை நம் வேட்பாளர்
மனுக் கொடுக்குமுன் பிள்ளையார்பட்டியில் நின்றார்,
நல்ல நேரம் வரும்வரை.
நான் காரைவிட்டு இறங்கவில்லை.
ஏசி ஓடிக்கொண்டிருந்தது.
கொள்கையில் எனக்கு மிச்சம்
அந்த சீட் அளவு இடம்.

உன் காரியத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்து
பெரியவன்தான் எல்லாம் செய்தான்.
மந்திரம் முடியும்வரை நான் பின்கட்டில்
பந்தல்காரர் பில்லைச் சரிபார்த்தேன்.
மூன்று முறை கூட்டினேன்.
மூன்று தொகை வந்தது.

நீ எங்கேயும் இல்லை.
ஆயுள் முழுக்க அதைத்தானே சொன்னேன்,
சாம்பலுக்குப் பிறகு ஒன்றுமில்லை,
பயப்படாதீர்கள் என்று.
இப்போதும் பயமில்லை.
ஒன்றுமில்லை என்பது இவ்வளவு பெரிதாக இருக்குமென்று
யாரும் எனக்குச் சொல்லவில்லை.
நானும் யாருக்கும் சொல்லவில்லை.

முப்பது வருஷமாக நான் பூத் ஏஜெண்ட்.
பட்டியலில் செத்தவர்களை அடிப்பது என் வேலை.
படிவம் ஏழு மனப்பாடம்.
உனக்காக ஒன்றை எடுத்து வைத்தேன்,
பேனா எழுதவில்லை என்று மூடினேன்.
பேனா நன்றாகத்தான் எழுதியது.

ஓட்டுப்போடுகிற நாள். மதியம் கூட்டமில்லை.
எதிர்க்கட்சி சேவுகன்
சும்மா பக்கங்களைத் தள்ளிக்கொண்டிருந்தான்.
உமையாள், கணவர் பெயர் சாத்தப்பன்,
வயது அறுபத்துமூன்று.
உன் மூக்குத்தியே தெரியாத போட்டோவின் மேல்
அவன் விரல் நின்றது.
பென்சில் காதில் இருந்தது.
உன் பாடைக்குத் தோள் கொடுத்தவன் அவன்.
பக்கத்தைத் திருப்பினான்.
பிளாஸ்க் மூடியில் டீ ஊற்றி
என் பக்கம் தள்ளினான்.
சர்க்கரை அதிகம்.

"முழுசா எழுது தம்பி" என்றேன்.
"விதியில்லை ஐயா."
"முழுப் பணம் தர்றேன்."
"வாங்கிக்கலாம். நன்கொடைன்னு எழுதிடலாம்.
புள்ளி அரைதான்."

பாதியைக் கொடுத்தேன்.
அவன் கிழித்துத் தந்த மஞ்சள் தாளோடு
அறை அறையாகப் போய் வருகிறேன்.
ஒன்பது பூட்டு, நாலு பெட்டகம்,
உன் சேலைகளுக்கு அடியில்கூடப் பார்த்தாயிற்று.

மற்ற நாற்பதையும்
எங்கே வைத்தாய்?