கிழக்கே கடல்

என் உறுதியில் நாலு எல்லைகள்:
வடக்கே வைத்தியலிங்கம் பிள்ளைகளின் காணி,
தெற்கே ஒழுங்கை,
மேற்கே புல்மோட்டை வீதி,
கிழக்கே கடல்.
மற்ற மூன்றும் சொன்ன இடத்தில் நிற்கின்றன.
கடல் மட்டும்
நொத்தாரிசு முன் கையெழுத்து வைக்கவில்லை.

நிலாவெளியில் இருபத்தெட்டுப் பேர்ச்.
கிணறும், வான்பயிர் செய்பயிர் யாவும் அடங்கலாக
எனக்குச் சீதனமாய் எழுதிய எழுத்து.
இரண்டு அறை கட்டக் கேட்டேன்.
திமிங்கிலம் பார்க்க வருகிறவர்கள் படுத்தெழும்ப
இரண்டே இரண்டு அறை, ஒரு குளியலறை.

இம்தாதுல்லா என்ற அலுவலர்
செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி
மணலில் நடந்தார்.
நாடாவின் நுனியை என்னிடமே தந்தார்.
"எங்கையிருந்து அளக்கிறது?"
அலையிலிருந்து அல்லவாம். அலைக்கு நிலையில்லை.
பச்சை முடிகிற இடத்திலிருந்து.
குனிந்து தொட்டுக் காட்டினார்,
அடம்பன் கொடியின் கடைசி இலை.
அதுதான் அரசாங்கம்.

"பதினொரு மீற்றர் காணாது, அக்கா."
வீதிப் பக்கம் தள்ளிக் கட்டலாமென்றால்
அங்கே வீதி அகலிக்க விட்ட கோடு.
இரண்டு கோட்டுக்கும் நடுவே பழைய வீடு நிற்கிறது.
அது போக எனக்கு மிஞ்சியது
கிணறும் உடுப்புக் காயப்போடும் கம்பியும்.

அன்று பகல் முழுக்கக் கணக்குப் பார்த்தேன்.
வரி என் பெயரில். வேலி என் செலவில்.
விற்கலாம், ஈடு வைக்கலாம், மகளுக்கு எழுதலாம்,
தம்பியோடு கோடேறி வழக்காடலாம்.
ஒரு கல்லின்மேல் இன்னொரு கல் வைக்க மட்டும்
வரிசையில் நிற்கவேணும்.

இந்த ஆத்திரத்தை எழுதத்தான் தொடங்கினேன்.
ஆனால் ஒன்றை மறைத்து எழுதினால்
அது பொய்ச்சத்தியம்.

மூன்று வருசத்துக்கு முன்
பக்கத்து ஹோட்டல் ரட்ணகோபன்
நீச்சல் குளத்துக்குத் தோண்டி மதில் எழுப்ப
என் கிணறு உப்பானது.
அவரும் உறுதியைத்தான் தூக்கிக் காட்டினார்:
"என்ர காணி. நான் விரும்பினதைச் செய்வன்."
இதே கந்தோருக்கு, இதே சட்டத்தின் பேரில்,
மூன்று பக்கம் முறைப்பாடு எழுதியவள் நான்.
ஒழுங்கை முழுக்கக் கையெழுத்து வாங்கினேன்.
மதில் உடைத்த அன்று
புல்டோசர்காரனுக்கும் தேத்தண்ணி கொடுத்தேன்.

இன்னொன்றும் உண்டு.
அந்த டிசம்பர் காலை
என் குசினிக் கதவு
வீதிக்கு அப்பால் உப்பளத்தில் கிடந்தது.
கோடு கீறியவர்களுக்கு அது நினைவிருக்கிறது.
எனக்கும்.
ஆனாலும் அறை வேணும்.
சீசன் ஆறு மாதம்,
வங்கிக் கடனுக்குப் பன்னிரண்டு மாதம்.

ஆகவே இப்போது பொழுதுபட
அடம்பன் தண்டை முழத்துண்டாய் வெட்டிக்
கடைசி இலைக்கு முன்னால் ஊன்றுகிறேன்.
கிணற்றில் அள்ளி வாளி வாளியாய் ஊற்றுகிறேன்.
கரித்தாலும் அதற்குப் பரவாயில்லை.
மதில் இல்லாத இடத்தால் ரட்ணகோபன் எட்டிக் கேட்டார்:
"என்ன, கடலுக்குத் தண்ணி வார்க்கிறியளோ?"
"எல்லையை வளர்க்கிறன்."
அவர் சிரிக்கவில்லை.
அடுத்த நாள் அவர் பக்கத்து மணலிலும்
ஈரமாய்ப் புதுத் துண்டுகள்.

அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்காம்.
நாலு மீற்றர் திரண்டிருக்கிறது.
ஊதாவாய்ப் பூத்தும் விட்டது.
அதற்குள் காற்று கொண்டுவந்த மணல் தங்கி
என் கணுக்கால் உயரத்துக்கு ஒரு மேடு.
இன்னும் ஏழு மீற்றர்.

ஐப்பசி பிறந்ததும் பொறுமையில்லாமல்
இம்தாதுல்லாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.
கொடி எப்படி முன்னுக்கு வந்ததென்று
அவர் கேட்கவில்லை.
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவுமில்லை.
பின்னால் யாரோ கோப்பு அடுக்கும் சத்தம்.
"வாடை முடியட்டும் அக்கா" என்றார்.
"நிண்டால் அளப்பம்."