ஒற்றைக் கால்

பசைப்பொறியில் ஒட்டிக் கிடந்தான்,
செதில் உதிர்ந்து, சிறகு கிழிந்து.
பெண்வாசம் என்று நம்பி வந்தது
நாங்கள் தடவிய ரசாயனம்.

டகோமா துறைமுகத்துக்கு மேலே
தோர்வால்ட் வீட்டு ஆல்டர் மரம்.

முகம் பார்த்துச் சொல்ல முடியாது.
கிழக்குக் கரையில் நூறாண்டாய்
இலை தின்பவனும்
கப்பலேறி வந்தவனும் ஒரே அச்சு.
இடுக்கியால் ஒரு காலைக் கிள்ளினேன்.
டிஎன்ஏவுக்கு அது போதும்.

நான்கே எழுத்து, திரையில்
மாறி மாறி ஓடிற்று.
என் சூப் ஆறிப்போயிற்று.

தகப்பனைப் பற்றிப் பேச்சே இல்லை.
தாய்வழி மட்டும் துலங்கியது:
கடலுக்கு அப்பால்,
விளாடிவோஸ்டாக் பக்கம்.

அந்தப் பக்கத்துப் பெண்பூச்சிகளுக்குப்
பறக்கத் தெரியும்.

தொலைபேசியில் தோர்வால்ட்:
"ஒன்றே ஒன்றுதானே?"

ஜன்னலுக்கு வெளியே
ஆல்டர் இலைகள்
இன்னும் முழுசாக.