நவம்பரிலுமா?

தார்த்து நகரத்தில், குன்றின் சரிவில்,
ஒரு காலத்தில் மருத்துவமனையாக இருந்த கட்டடம்.
இப்போது இங்கே வருகிறவர்களில் பெரும்பாலோரை
வாசலிலேயே திருப்பி அனுப்புகிறோம்.

எஸ்தோனியாவின் உச்ச நீதிமன்றம் என்றதும்
சுத்தியலையும் கூச்சலையும் நினைக்காதீர்கள்.
இங்கே காகிதம்தான் பேசும்.
நான் அதைத் தள்ளிக்கொண்டு நடப்பவள்.
காலையில் வண்டி நிறைய மனுக்கள்,
மாலையில் அநேகமாக எல்லாவற்றுக்கும் ஒரே வரி:
'விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை.'
ஏன் என்று எழுத வேண்டியதில்லை.
அந்த வரிக்கு என் விரல்கள்
கண்ணைக் கேட்பதில்லை.

லைடா பிஹெலின் கோப்பு அக்டோபரில் வந்தது.
சாரெமா தீவுக்காரி.
உருளைக்கிழங்குக்கு உரமாகக் கடற்பாசி அள்ளுகிறவள்.
தலைநகரத்து ஆள் ஒருவர் கரையோரம் நிலம் வாங்கி
அலை நனைக்கும் கல்வரை வேலி போட்டார்.
கரைப்பாதை எல்லோருக்கும் பொது என்கிறது சட்டம்.
நகராட்சிக்குப் போனாள். நகராட்சி யோசித்தது.
இரண்டு வருஷம் யோசித்தது.
கீழ் நீதிமன்றம் கைவிரித்தது.
அதற்கு மேலே உள்ளதோ பன்னிரண்டு பக்கம் எழுதி
ஒன்பதாம் பக்கத்தில் சொன்னது:
'வேலி முடியும் இடத்தில் நீர் முழங்கால் அளவே.
மனுதாரர் இறங்கிச் சுற்றிப் போகலாம்.'

மூன்று நீதிபதிகள் படித்தார்கள்.
முதலாமவர் ஒரு கோடு கிழித்தார்: வேண்டாம்.
இரண்டாமவர் அதன் கீழே இன்னொரு கோடு.
மூன்றாமவர் ஹில்யா துவிக்,
மூக்குக்கண்ணாடியை எங்கேயாவது வைத்துவிட்டு
என்னுடையதைக் கடன் கேட்கிறவர்,
ஒன்பதாம் பக்கத்தின் ஓரத்தில், பென்சிலால்,
ஒற்றைச் சொல் எழுதினார்:
'நவம்பரிலுமா?'

தீர்ப்புச் சொல்ல இரண்டு பேர் வேண்டும்.
கதவைத் திறக்க ஒருவர் போதும்.
இந்தக் கட்டடத்தில் எனக்குப் பிடித்த விதி அது ஒன்றுதான்.

பிறகு மாதக்கணக்கில் காகிதம்.
சொத்துரிமை பற்றி வேலிக்காரரின் வழக்கறிஞர் நாற்பது பக்கம்.
நகராட்சி மூன்று பக்கமும் ஒரு வரைபடமும்.
வரைபடத்தில் கடல் இளநீலம். அசையவே இல்லை.
மூடிய அறைக்குள் மூவர்.
வெளியே நான், ஆறிப்போன காபி.
என்ன பேசினார்கள் என்று தெரியாது,
தெரிந்தாலும் சொல்ல மாட்டேன்.

ஏப்ரலில், ஆற்றில் பனிக்கட்டி உடைந்து ஓடிய வாரம்,
தீர்ப்பு வந்தது:
பாதையைக் கடல் விழுங்கினால்
பாதைதான் நிலத்தின் பக்கம் நகர வேண்டும்,
மனிதர் நீரின் பக்கம் அல்ல.
கீழ்த்தீர்ப்புகள் ரத்து. வழக்கு மறுபடி கீழே.
முதலாமவர் உடன்படவில்லை.
அவருடைய மறுப்பும் பின்னால் இருக்கிறது, அதே எழுத்தளவில்.
இரண்டாமவர் தன் கோட்டை எப்போது அழித்தார்
என்று கோப்பில் இல்லை.

லைடா தொலைபேசினாள்.
"ஜெயித்தேனா, தோற்றேனா?"
இரண்டும் இல்லை, திரும்பக் கீழே போக வேண்டும் என்றேன்.
காற்று இரைந்தது. கரையில் நின்றாள் போல.
"வேலி?"
"இப்போதைக்கு இருக்கும்.
உங்கள் வைப்புத்தொகை திரும்ப வரும்."
"அதற்கு ஒற்றைக் கால் பூட்ஸ்கூடக் கிடைக்காது"
என்று சிரித்தாள்.

மறுநாள் வண்டி நிறைய வேறு மனுக்கள்.
மாலையில் விரல்கள் அந்த வரியைத் தொடங்கின.
'விசாரணைக்கு' வரை வந்துவிட்டு நிறுத்தினேன்.
யாரோ ஒருவரின் கோப்பு,
அதன் ஒன்பதாம் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன்.

அது என் வேலை இல்லை.