க்ரோக்விக்கில் யாரும் விழித்திருக்கவில்லை

தலைநகரிலிருந்து வந்தவன்
கடை மேசைமேல் ஒரு படத்தை வைத்தான்.
வானிலைக் கேமரா எடுத்தது.
ஜனவரி ஒன்பது, அதிகாலை மூன்று நாற்பது.
கறுப்பில் ஒரு வெள்ளைக் கோடு,
மீன் அறுக்கையில் கத்தி நழுவிய தடம் போல.

"ஏவுகணை என்கிறார்கள் சிலர்.
ஹெலிகாப்டர் விளக்கு என்கிறது கடற்படை.
நீங்கள் இங்கேயே இருப்பவர்கள்.
கேட்டிருக்குமே?"

காப்பி ஊற்றினேன்.

நூற்றுப் பதினோரு பேர் உள்ள ஊர்.
ராக்ன்ஃப்ரீட் காலுறையின் நிறம் மாற்றினால்
மதியத்துக்குள் ஃபியோர்டின் அக்கரைக்குத் தெரியும்.
டோர்ஃபின் படகில் ஒரு போல்ட் தளர்ந்தால்
விவாகரத்தாகி எட்டு வருஷமான மனைவி
படுக்கையில் கிடந்தபடியே சொல்வாள், எந்த போல்ட் என்று.
இந்த ஊரில்
காதும் காதும் வைத்தாற்போல்
ஒரு நெருப்புத் தூணை வானுக்கு அனுப்ப முடியுமா?

முடியாது என்றேன்.
எழுதிக்கொண்டான்.

வீடு வீடாகப் போனான், முழங்கால் வரை பனியில்.
கூரைப் பனி சரிந்தது, என்றாள் ராக்ன்ஃப்ரீட்,
வருஷா வருஷம் சரிவதுதான்.
பரணில் உலரும் மீன்தலைகள் இடித்துக்கொண்டன,
காற்று, என்றான் ஈசாக்-நில்ஸ்.
(அன்று காற்றே இல்லை.)
டோர்ஃபின் தன் இதயம் என்று நினைத்து
மாத்திரை விழுங்கிப் படுத்துவிட்டான்.
ஓட்லைக் மட்டும்
மகன்தான் கதவை அறைகிறான் என்று
கீழே ஓடி, விளக்கைப் போட்டு,
காலடி இல்லாத பனியைக்
கொஞ்ச நேரம் பார்த்திருக்கிறாள்.
அதற்குமேல் கேட்காதே என்றாளாம்.

"ஆக, யாரும் கவனிக்கவில்லை,"
திரும்பி வந்து சொன்னான், மூக்கைத் துடைத்தபடி.
பேருந்துக்கு இருபது நிமிடம் இருந்தது.
அவனுக்கு ஒரு பன் கொடுத்தேன், காசு வாங்கவில்லை.

அவனிடம் சொல்லாதது:
அந்த நேரத்தில் நான் சமையலறையில் நின்றிருந்தேன்.
வாணலியின் நிழல் சுவரில் நகர்ந்தது,
அடுப்பிலிருந்து கதவு வரை, மெதுவாக,
வெளியே யாரோ விளக்கோடு நடந்து போவது போல.
பிறகு ஒன்றுமில்லை.
இடிக்கு எண்ணும் சின்ன வயசுப் பழக்கத்தில்
எண்ணத் தொடங்கினேன்.
ஐம்பத்திரண்டில்
இழுப்பறைக் கரண்டிகள் எல்லாம் சேர்ந்து நடுங்கின.

ஐம்பத்திரண்டு நொடி என்றால்
ஏறக்குறைய பதினேழு கிலோமீட்டர்.
அந்தத் திசையில் பதினேழாவது கிலோமீட்டரில்
கடலைத் தவிர எதுவும் கிடையாது.
வெள்ளிதோறும் தளத்து லாரி வருகிறது,
ஊரின் பாதி மீனையும்
என் கடைச் சீஸ் முழுவதையும் ஏற்றிப்போக.

மறுநாள் ராக்ன்ஃப்ரீட் வந்தாள்,
ஈஸ்ட் இரண்டு பாக்கெட்.
சில்லறையை எண்ணி வைத்தாள்.
கையுறையை மாட்டினாள், கழற்றினாள்.
"உனக்கு எத்தனை?"
"ஐம்பத்திரண்டு."
"எனக்கு ஐம்பது," என்றாள்.

ஆமாம், அவள் வீடு
கடலுக்குக் கொஞ்சம் பக்கம்.