ஏழாம் பக்கம், கீழ் மூலை

பேஜா நகரத்து நாளேடு
பெலார்மினோவின் சாவை இப்படி அச்சிட்டது:
'வயது எண்பத்தாறு. ஓய்வுபெற்ற பத்திரிகை விற்பனையாளர்.'
மகள் கிராசியேத் மீன்கடை வரிசையில்
நின்றபடியே படித்தாள்,
தன் முறை போனது தெரியாமல்.

அப்பா ஒரு பேப்பரும் விற்றதில்லை.
எழுத்துக் கூட்டவும் வராது.
கோதுமை அறுத்தார், ஆலிவ் உலுக்கினார்,
கார்க் மரத்துப் பட்டை உரித்தார்,
எல்லாம் பிறத்தியார் நிலத்தில்,
இருட்டில் போய் இருட்டில் திரும்பி.
அதற்குக் கிடைத்த நாட்கூலிக்குப் பெயர் ஜொர்னால்.
செய்தித்தாளுக்கும் அதே பெயர்.
(நம்மிடம் கூலி ஒரு பக்கம், இதழ் ஒரு பக்கம்;
நாள் மட்டும் இரண்டுக்கும் முன்னால்
கைகட்டி நிற்கும்.)

இரங்கல் பத்தி எழுதுகிற ஜான்டிர்
பிரேசிலிலிருந்து வந்து ஏழு மாதம்.
பதிவேட்டு நகலை எடுத்துக் காட்டினான்.
தொழில்: ஜொர்னலெய்ரோ.
"எங்கள் ரெசிஃபேயில்
பெட்டிக்கடையில் பேப்பர் விற்கிறவர், அம்மா."
"இங்கே,
விடியுமுன் சதுக்கத்தில் நின்று
இன்றைக்கு ஆள் வேண்டுமா என்று கேட்கிறவன்."
மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
ஒரே மொழி,
நடுவில் அட்லாண்டிக்.

திருத்தம் போடலாம் என்றான், காது சிவந்து.
காசு வேண்டாம்.
ஏழாம் பக்கம், கீழ் மூலை, இரண்டு வரி.

இரண்டு வரியில் என்னத்தைச் சொல்ல?
ஜனவரி உறைபனியில் ஆலிவ் பொறுக்கப் போகும்போது
மதுக்கடையில் பழைய பேப்பர் இரந்து வாங்கி
நாலாய் மடித்துச் சட்டைக்குள் வைப்பார்.
குனிந்தால் கரகரக்கும்.
ராத்திரி பனியனில் மை ஒட்டியிருக்கும்,
இடவலம் மாறிய எழுத்து.
ஒன்பது வயதில் அதைக்
கண்ணாடிக்கு முன் பிடித்து வாசித்தாள்:
கோதுமை விலை ஏற்றம்.
சனிக்கிழமை அவர் கூலி
போன சனிக்கிழமை அளவே இருந்தது.

"அப்படியானால்
விவசாயத் தொழிலாளி என்று போடட்டுமா?"
"வேண்டாம்.
பதிவேட்டில் உள்ள சொல்லையே போடு.
விளக்கம் எழுதாதே."
"தப்பாகப் புரிந்துகொள்வார்களே?"
"உன்னைப்போல் வந்தவர்கள் புரிந்துகொள்ளட்டும்.
அவரும் பேப்பர் சுமந்தவர்தான்."

மறுநாள் வந்தது. ஒரு வரிதான்.
மற்ற வரியை ஒரு டயர் கடை விளம்பரம்
எடுத்துக்கொண்டது.

இரண்டு பிரதி வாங்கினாள்.
தெருவில் எலும்பைத் துளைக்கும் காற்று.
ஒன்றைக் கைப்பையில் போட்டாள்.
இன்னொன்றை மடித்து மேலங்கிக்குள் செருகி,
பொத்தானிட்டு,
பேருந்துக்காகக் காத்திருந்தாள்.
குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தபோது
பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார்.